பழைய டீசல் பிக்கப் இழுக்கவில்லையா? பம்பைக் கழற்ற முன்னர் பார்க்க வேண்டியவை

வன்னியில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பிக்கப்களில் பெரும்பாலானவை இருபது, முப்பது வயதைத் தாண்டியவை. மீன் ஏற்றவும், நெல் மூட்டை ஏற்றவும், இரவில் நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு போகவும் அதே ஒரு வாகனம்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய வாகனங்களின் விலை எகிறியது. ஆகவே கையிலிருக்கும் வாகனத்தைக் காப்பாற்றுவது பல குடும்பங்களுக்கு வருமானத்தைக் காப்பாற்றுவதாகவே இருக்கிறது.

என்னிடம் வருகிறவர்கள் அதிகம் சொல்லும் முறைப்பாடு ஒன்றுதான்: "அக்சிலேட்டரை மிதிச்சாலும் இழுக்குதில்லை." அவர்களில் பலர் வரும்போதே பம்பைக் கழற்றும் யோசனையோடு வருகிறார்கள். பம்ப் வேலை பெரிய செலவு. நகையை அடகு வைத்து அந்த வேலையைச் செய்த பின்னரும் வாகனம் பழையபடியே நின்ற கதைகள் எங்கள் ஊர்களில் நிறைய உண்டு. செலவு குறைந்ததை முதலில் பாருங்கள், கூடியதைக் கடைசியில் பாருங்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது.

குறை எஞ்சினிலா, வெளியிலா?

எஞ்சின் நன்றாக இருந்தும் வாகனம் இழுக்காமல் விடலாம். ரயர்களில் காற்று சரியா என்று பாருங்கள். பிறகு சிறிது தூரம் ஓடி, பிரேக் பிடிக்காமல் தானாக நிற்கவிட்டு, ஒவ்வொரு சில்லுக்கும் அருகில் கையை நீட்டிப் பாருங்கள். தொட வேண்டாம், சுடும். ஒரு சில்லில் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஜக் வைத்து உயர்த்திச் சுற்றிப் பார்த்தால் உறுதியாகத் தெரிந்துவிடும்.

அடுத்தது கிளச். நாலாம் கியரில் மிதிக்கும்போது எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளச் வழுக்குகிறது. சமதரையில் கைப்பிரேக்கை இறுக்கி, மூன்றாம் கியரில் போட்டு, கிளச்சை மெதுவாக விடுங்கள். முன்னால் ஆட்கள் நிற்கக் கூடாது. எஞ்சின் நின்றுபோனால் கிளச் பரவாயில்லை. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளச் தட்டு தேய்ந்திருக்கிறது.

அக்சிலேட்டர் கம்பியையும் பாருங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருவர் மிதியை அடிவரை மிதிக்க, மற்றவர் பொனட்டைத் திறந்து பம்பிலுள்ள லீவர் கடைசி வரை போகிறதா என்று பார்க்க வேண்டும். கம்பி தளர்ந்திருந்தாலும், மிதிக்குக் கீழே கால் விரிப்பு தடித்திருந்தாலும் லீவர் பாதியில் நின்றுவிடும். இதைச் சரிசெய்ய அனேகமாகச் செலவே இல்லை.

புகை சொல்லும் செய்தி

மிதிக்கும்போது கரும்புகை வந்தால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை அல்லது டீசல் சரியாகத் தூவப்படவில்லை. முதலில் எயர் கிளீனரைக் கழற்றுங்கள். எங்கள் கிரவல் வீதிகளின் புழுதியில் அது வெகு சீக்கிரம் அடைத்துவிடும். டேர்போ உள்ள வாகனமென்றால் அதன் ரப்பர் குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகுதான் நொசில்களைச் சோதிக்கக் கொடுக்க வேண்டும்.

புகையும் இல்லை, இழுவையும் இல்லை என்றால் எஞ்சினுக்கு டீசல் போதவில்லை. வெள்ளைப் புகை சூடேறிய பின்னரும் நிற்கவில்லை என்றால் டைமிங், நொசில் அல்லது கொம்பிரஷன் குறை. நீலப்புகை என்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது.

டீசல் வரும் பாதை

நான் அதிகம் காணும் குறை இங்கேதான். நீண்ட காலம் ஓடாமல் நின்ற வாகனங்களின் தாங்கிக்குள் துரு பிடித்திருக்கும். இடப்பெயர்வுகளில் விட்டுப்போய்ப் பல மாதம் கழித்து மீட்ட வாகனங்களில் இதை நிறையக் கண்டிருக்கிறேன். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் பரல்களிலும் கான்களிலும் சேமித்த டீசலோடு தண்ணீரும் அழுக்கும் பல தாங்கிகளுக்குள் போயின.

பழைய ஹைலக்ஸ் போன்றவற்றில் டீசல் பில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு ஒன்று உண்டு. கீழே ஒரு போத்தலைப் பிடித்து, திருகைத் தளர்த்தி, மேலேயுள்ள கைப்பம்பை அமத்துங்கள். தெளிந்த டீசல் வரும்வரை வடியுங்கள். பில்டர் பழையதென்றால் மாற்றிவிடுங்கள். அதன் பின்னரும் மேட்டில் இழுவை இல்லையென்றால், தாங்கிக்குள் இருக்கும் வடிகட்டியும் பில்டர் வரை வரும் குழாயும் அடைத்திருக்கக்கூடும். பில்டருக்கும் பம்புக்கும் இடையில் சிறிது நேரம் ஒளி ஊடுருவும் குழாய் ஒன்றைப் பொருத்தி ஓடவிட்டால், காற்று இழுக்கிறதா என்பது குமிழிகளில் தெரியும். வெடித்த ரப்பர் குழாயோ தளர்ந்த கிளிப்போதான் பெரும்பாலும் காரணம்.

ஓர் எச்சரிக்கை: நொசில்களுக்குப் போகும் இரும்புக் குழாய்களில் அழுத்தம் மிக அதிகம். அங்கே ஒழுக்கு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள். பீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சிறியதாகத் தெரிந்தாலும் கையை இழக்க நேரிடலாம்.

மண்ணெண்ணெயும் பம்ப் திருகும்

பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டியவர்கள் நாங்கள். அது பெற்றோல் எஞ்சின்களுக்குப் பொருந்திய உபாயம். டீசலின் கதை வேறு. பழைய பிக்கப்களில் பரவலாக உள்ள சுழல்வகைப் பம்புக்கு டீசல்தான் எண்ணெய்ப்பசை கொடுக்கிறது. அதில் மண்ணெண்ணெய் கலந்தால் பசை குறைந்து உள் பாகங்கள் தேயும். லீற்றருக்குச் சில ரூபாவை மிச்சம் பிடித்து, கடைசியில் பம்பையே இழக்க வேண்டிவரும்.

அதேபோல், பம்பிலுள்ள திருகைத் திருப்பி டீசலைக் கூட்டிவிட்டால் ஐந்து நிமிடத்தில் இழுவை வரும். அந்த மகிழ்ச்சி நீடிக்காது. கரும்புகை கூடும், எஞ்சின் அதிகம் சூடேறும், பிஸ்டனும் எஞ்சின் ஹெட்டும் பாதிக்கப்படும். புகைப் பரிசோதனையிலும் தேறாது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கவும் முடியாது.

கராஜுக்குப் போகும்போது

மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தால்தான் வால்வு இடைவெளி, டைமிங், கொம்பிரஷன், கடைசியாகப் பம்ப் என்று போக வேண்டும். பம்பைக் கழற்றச் சொன்னால், கொம்பிரஷன் அளந்தார்களா, நொசில் சோதித்தார்களா என்று முதலில் கேளுங்கள். கொம்பிரஷன் விழுந்த எஞ்சினுக்குப் புதுப் பம்ப் போட்டும் பயனில்லை. எப்போது இழுவை குறைகிறது, குளிரிலா சூட்டிலா, மேட்டிலா சமதரையிலா, என்ன நிறப் புகை என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கணவர் இல்லாத வீடுகளில் வாகனத்தைப் பொறுப்பேற்று நடத்தும் பெண்களுக்கு இதை முக்கியமாகச் சொல்கிறேன். என்ன பார்த்தீர்கள் என்று கேட்கத் தெரிந்தவரிடம் தேவையில்லாத வேலையைக் கட்டுவது கடினம். மாற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.