அர்ஜென்டினாவின் வைன் பகுதிகள்: காலநிலையும் உயரமும்

அர்ஜென்டினா உலகின் முக்கிய வைன் உற்பத்தி நாடுகளுள் ஒன்றாகும். இதன் திராட்சைத் தோட்டங்கள் பெரும்பாலும் ஆண்டீஸ் மலைத்தொடரின் கிழக்கே, வடக்கில் சால்டா மாகாணம் முதல் தெற்கில் படகோனியா வரை அமைந்துள்ளன. நாட்டின் வைனில் பெரும்பகுதி மெண்டோசா மாகாணத்தில் உற்பத்தியாகிறது. சான் குவான் மாகாணம் அடுத்த இடத்தில் உள்ளது. எந்தப் பகுதியில் எவ்வகைத் திராட்சை விளையும் என்பதை இம்மலைத்தொடரே பெரிதும் தீர்மானிக்கிறது.

மழை மறைவு

பசிபிக் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று ஆண்டீஸ் மலையில் ஏறும்போது குளிர்ந்து, தன் ஈரத்தைச் சிலி நாட்டுப் பக்கத்திலும் மலைமுகட்டிலும் இழந்துவிடுகிறது. கிழக்கே இறங்கும் காற்று வறண்டது. எனவே மெண்டோசாவில் ஆண்டுக்குச் சுமார் 200 மி.மீ. மழையே பெய்கிறது. வறட்சியால் பூஞ்சை நோய்கள் குறைவு. எனினும் கோடைக்கால ஆலங்கட்டி மழை பயிரை அழிக்கக்கூடியது. இதனால் பல தோட்டங்களில் கொடிகளின்மேல் வலை கட்டுகின்றனர். மலையிலிருந்து வீசும் சோண்டா என்னும் வெப்பக்காற்றும் பூக்கும் பருவத்தில் சேதம் விளைவிக்கிறது.

உயரத்தின் பங்கு

பொதுவாக 1,000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 6.5 பாகை செல்சியஸ் வெப்பநிலை குறைகிறது. உயரமான இடங்களில் பகல் வெயில் பழத்தில் சர்க்கரையைச் சேர்க்கிறது. குளிர்ந்த இரவு அதன் புளிப்பு குறையாமல் காக்கிறது. அங்கு மிகுதியாக விழும் புற ஊதாக் கதிர்களால் பழத்தோல் தடித்து, நிறம் அடர்கிறது.

மெண்டோசாவின் கிழக்குச் சமவெளி சுமார் 600 மீட்டர் உயரத்தில் உள்ள வெப்பமான பகுதி. அங்கு விளைச்சல் அதிகம். ஊக்கோ பள்ளத்தாக்கில் தோட்டங்கள் ஏறத்தாழ 1,500 மீட்டர் வரை உள்ளன; அங்கு விளையும் பழம் புளிப்பும் மணமும் மிக்கது. சால்டாவின் கஃபாயாத்தே, மகர ரேகைக்கு அருகே 26 பாகை தெற்கில் இருந்தும், சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருப்பதால் திராட்சைக்கு ஏற்றதாகிறது. டொரான்டெஸ் என்னும் நறுமண வெள்ளைத் திராட்சைக்கு அது பெயர்பெற்றது. அம்மாகாணத்தில் 3,000 மீட்டருக்கு மேலும் தோட்டங்கள் உள்ளன. மாறாக, 39 பாகை தெற்கிலுள்ள ரியோ நெக்ரோ பள்ளத்தாக்கு சில நூறு மீட்டர் உயரமே கொண்டது. அங்கு குளிர்ச்சியைத் தருவது தென்முனையை நோக்கிய அமைவிடம்.

மால்பெக்

மால்பெக் தென்மேற்குப் பிரான்சைச் சேர்ந்த கருந்திராட்சை வகை. 1853இல் மிசேல் எமே பூசே என்னும் பிரெஞ்சு வேளாண் அறிஞர் மெண்டோசாவில் வேளாண் பள்ளி அமைக்கும் பணியை ஏற்றார். அவர் கொண்டுவந்த வகைகளுள் இதுவும் ஒன்று. பிரான்சில் ஈரத்தாலும் பனியாலும் பாதிக்கப்பட்ட இக்கொடி, இங்கு வறண்ட காற்றிலும் நல்ல வெயிலிலும் சீராகப் பழுத்து, நாட்டின் அடையாள வகையாயிற்று.

நீர்

மழை போதாததால் தோட்டங்கள் ஆண்டீசின் உருகும் பனியையே நம்பியுள்ளன. வார்ப்பே பழங்குடியினர் ஐரோப்பியர் வருகைக்கு முன்பே வாய்க்கால் வெட்டி இந்நீரைப் பயன்படுத்தினர். மெண்டோசாவின் 1884ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் பாசன உரிமையை நிலத்துடன் இணைத்தது. இன்றும் மாகாணப் பரப்பில் 5 விழுக்காட்டுக்கும் குறைவான நிலமே பாசனம் பெறுகிறது.

2010 முதல் மத்திய ஆண்டீசில் பனிப்பொழிவு பல ஆண்டுகள் குறைவாக இருந்துள்ளது. வெப்பம் கூடும்போது குளிர்ச்சி தேடி மேலே செல்ல இயலும். ஆனால் ஆற்று வாய்க்கால் எட்டாத அவ்விடங்களில் நிலத்தடி நீரும் சொட்டுநீர்ப் பாசனமுமே வழி. அந்நிலத்தடி நீருக்கும் மலைப்பனியே ஊற்று என்பதால், உயரம் வெப்பத்திலிருந்து காத்தாலும் நீர்ப் பற்றாக்குறையிலிருந்து காப்பதில்லை.