நல்ல தாதி நல்ல ஆசிரியையா?

வேலணைத் தீவின் சரவணைக் கிராமத்தில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் வேலணை வைத்தியசாலைக்கோ ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைக்கோ கொண்டு போவார்கள். அங்கேயே வைத்துப் பார்ப்பதா, பண்ணை வழியே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு ஏற்றுவதா என்று தீர்மானிப்பவர் வைத்தியர். ஆனால் நோயாளியின் குளிர்ந்த வியர்வையையும் மாறிய நாடியையும் முதலில் கண்டு வைத்தியருக்குச் சொல்ல வேண்டியவர் தாதி. நெடுந்தீவானால் நடுவில் கடலும் கிடக்கிறது. இந்தக் கண்ணை மாணவத் தாதியருக்கு யார், எப்படித் தருவது என்பதுதான் கேள்வி.

இருபது வருடம் விடுதியில் நின்றவர் கற்பித்தால் போதாதா என்பார்கள். அனுபவம் இல்லாதவர் கற்பிக்கவே கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் தாதியரின் திறன் வளர்ச்சியை ஆராய்ந்த பற்றீசியா பெனர், தேர்ந்த தாதி விதிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பதில்லை, நிலைமையை ஒரே பார்வையில் பிடித்துக்கொள்கிறார் என்று 1984இல் எழுதினார். சிக்கலும் அங்கேதான்: அப்படிப் பிடிப்பவருக்கு, தான் எதைக் கண்டேன் என்று புதியவருக்குப் பிரித்துச் சொல்வது கடினம். பாடத்தை வகுப்பதும், விடுதியில் மாணவியின் பிழையை நோயாளி முன்னால் அவமானப்படுத்தாமல் திருத்துவதும், செய்முறையை நியாயமாக மதிப்பிடுவதும் பயின்று வரவேண்டியவை. இது புதிய எண்ணமும் அல்ல: நியூயோர்க்கின் கொலம்பியா ஆசிரியர் கல்லூரி 1899இலேயே தாதியருக்கென வகுப்புத் தொடங்கியது. அங்கு 1907இல் பேராசிரியரான அடிலெய்ட் நட்டிங், தாதியத்தில் அப்பதவி பெற்ற உலகின் முதலாமவர்.

ஆகவே தாதியருக்குக் கற்பிப்பவர் கற்பித்தலையும் முதுமாணி மட்டத்தில் படிக்க வேண்டும் என்கிறேன். ஆனால் முதுமாணிப் பட்டம் என்ற பெயர் மட்டும் ஆசிரியரை ஆக்கிவிடாது. இந்தியாவில் தாதியக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக முதுநிலைப் பட்டம் கேட்கிறார்கள். அந்தப் பாடத்திட்டத்தில் தாதியக் கல்வி என்றொரு பாடமும் இருக்கிறது, ஆயினும் பெரும்பங்கு மருத்துவத் துறைசார் சிறப்புக்கே போகிறது. ஆளில்லாத விடுதியிலிருந்து அனுபவசாலியைப் படிக்க அனுப்பினால் நோயாளியை யார் பார்ப்பது என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. தீவக வைத்தியசாலைகளுக்கு அது வெறும் சாட்டு அல்ல. அதற்கு விடை பகுதிநேரப் படிப்பு. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், பணியிலிருக்கும் தாதியருக்கான இளமாணிக் கற்கைநெறியை 1990களில் தொடங்கித் தொலைக்கல்வியாகவே நடத்திக் காட்டியது. யாழ்ப்பாணத்தில் அதற்குப் பிராந்திய நிலையமும் உண்டு. பட்டமேற்படிப்பையும் அவ்வழியில் வகுத்து, மாணவத் தாதியருடன் விடுதியில் செலவிடும் மணித்தியாலங்களை மேற்பார்வையுள்ள கற்பித்தல் பயிற்சியாகக் கணக்கிட்டால், படிப்பவர் வேலையை விட வேண்டியதில்லை. கடமை முறை போடும்போது வகுப்பு நாட்களை விட்டுக்கொடுக்க நிர்வாகம் சம்மதிக்க வேண்டும். பாடத்திட்டம் எழுதுவதைவிட அதுவே கடினமாக இருக்கும்.