அடுப்பை அணைத்த பிறகும் நிற்கும் நெடி

சிரங்குக்கு மருந்து பூசி மூன்று வாரம் ஆகிவிட்டது. விரலிடுக்குப் பொரிகள் காய்ந்துவிட்டன. ஆனால் குழந்தையின் அக்குளிலும் தொடை இடுக்கிலும் கடலைப்பருப்பு அளவில் செம்பழுப்பு முடிச்சுகள் அப்படியே இருக்கின்றன. ராத்திரியானால் அரிப்பு, அழுகை. புதுச்சேரி தவளக்குப்பம் சந்திப்பில் இறங்கி, மருந்துக்கடையில் "அரிப்புக்கு ஏதாவது ஆயின்மென்ட் கொடுங்க" என்று கேட்கத் தோன்றுவது இயல்புதான். கேட்பதற்கு முன் தோலுக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

வாணலியில் காய்ந்த மிளகாய் கருகிவிட்டது என்று வையுங்கள். அடுப்பை அணைத்தாலும் வீடே இருமுகிறது. நெருப்பு இல்லை, நெடி இருக்கிறது. இந்த முடிச்சுகளும் அப்படித்தான்.

சிரங்குப் பூச்சி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பெண் பூச்சி தோலின் மேலடுக்கில் வளை தோண்டி, நாளுக்கு இரண்டு மூன்று முட்டை இடும். சாதாரணச் சிரங்கில் உடம்பு முழுக்கத் தேடினாலும் 10, 15 பூச்சிதான் தேறும். அவ்வளவு அரிப்பும் அவை கடிப்பதால் வருவதல்ல; பூச்சியின் எச்சில், கழிவு, முட்டை ஆகியவற்றின் மீது உடம்பின் எதிர்ப்புச் செல்கள் பாய்வதால் வருவது. முதல் தடவை தொற்றினால் அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகும். பூச்சி செத்த பிறகும் மிச்சங்களைச் சுற்றி அந்தச் செல்கள் கூடிக் கெட்டித்துக் கிடப்பதுதான் முடிச்சு. கரைய மாதக்கணக்கு ஆகலாம்.

அடுப்பை அணைக்கும் வேலை பெர்மெத்ரின் 5% களிம்புடையது. இரண்டு மாதம் முடிந்த குழந்தைக்குப் பூசலாம். கைக்குழந்தை என்றால் கண், வாய் தவிர்த்துத் தலைக்கும் சேர்த்து. ராத்திரி பூசி 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் கழுவ வேண்டும். முட்டைக்குள் தப்பியவை பொரித்து வரும் என்பதால் ஒரு வாரத்தில் மறுபடி. வீட்டில் அரிப்பே இல்லாத தாத்தாவும் அதே ராத்திரி பூசிக்கொள்ளத்தான் வேண்டும். பெரும்பாலான வீடுகளில் கோட்டை விடுவது இங்கேதான்.

அரிப்புக்கென்று கடையில் கிடைக்கும் ஸ்டீராய்டு களிம்போ, இருமலை அடக்கும் ஈரத்துணி. செல்லுக்குள் போய், அழற்சியைத் தூண்டும் செய்திகளை நிறுத்துகிறது, முடிச்சு தணிகிறது. பூச்சியைக் கொல்லாது. எரிகிற அடுப்பை விட்டுவிட்டு மூக்கை மட்டும் பொத்தினால் அரிப்பு குறைந்ததுபோல் இருக்கும், அடியில் பூச்சி பெருகும். தடிப்பின் உருவமும் மாறி, பார்க்கிற மருத்துவரையே ஏமாற்றும்.

இடுக்குத் தோல் மெல்லியது, மருந்தை அதிகம் உறிஞ்சும். மேலே நாப்கின் கட்டினால் இன்னும் அதிகம். வீரியமான களிம்பை நாள்கணக்கில்லாமல் பூசினால் தோல் மெலிந்து கோடு விழும். அதனால் குழந்தைக்கு எந்த வீரியம், எத்தனை நாள் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். முடிச்சின்மேல் மட்டும் மெல்லிசாகப் பூச வேண்டும். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. கடலூர் சாலையிலேயே தெற்கே பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன; வடக்கே ஜிப்மர் மருத்துவமனை. விரலிடுக்கில் புதிதாகப் பொரி கிளம்பினால் ஸ்டீராய்டைத் தொடராமல் குழந்தையை அங்கே காட்டுங்கள். வீட்டில் அரிக்கிறவர்களையும் கூடவே அழைத்துப் போங்கள்.