அரை மணிக் கணக்கு, ஒரு மணிப் பயணம்

சேலத்திலிருந்து சென்னைக்கு எவ்வளவு தூரம்? ரயிலில் போனவர்கள் 330 கி.மீ.க்கு மேல் என்பார்கள். ஓமலூர் அருகே காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்திலிருந்து விமானத்தில் போனால் சுமார் 265 கி.மீ.தான். ரயில் ஜோலார்பேட்டை வழியாகச் சுற்றிப் போக வேண்டும். வானத்தில் அந்தத் தொல்லை இல்லை. தேசப்படத்தில் ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள்.

1993-ல் தொடங்கிய இந்த நிலையத்தில் விமானங்கள் வருவதும் நிற்பதுமாகவே இருந்தன. 2009-ல் கிங்பிஷர் வந்தது, 2011-ல் நின்றது. சிற்றூர்களை இணைக்கும் 'உடான்' திட்டத்தில் 2018 மார்ச்சில் ட்ரூஜெட் வந்தது, அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் இண்டிகோ சென்னைக்குப் பறக்கத் தொடங்கியது. ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர்தான் என்பதால் விசிறி சுழலும் ஏ.டி.ஆர். விமானமே இங்கே பொருத்தம்.

அதன் வேகம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. அப்படியானால் 265 கி.மீ.க்கு எத்தனை நிமிடம்? 32 என்று சொல்லிவிட்டீர்களா? கணக்கு சரி. ஆனால் கால அட்டவணையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் போட்டிருக்கும்! மீதி எங்கே போனது?

வண்டி நகராமல் இருக்கச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைப்போம் அல்லவா? விமானத்துக்கும் உண்டு. இங்கே அதை எடுத்தது முதல் சென்னையில் மீண்டும் வைக்கும் வரை எல்லாமே பயண நேரம்தான். தரையில் உருள்வது, மெதுவாக மேலேறுவது, இறங்க வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் சேரும்.

அதோடு காற்றும் இருக்கிறது. பட்டத்தை எப்படி ஏற்றுகிறீர்கள்? காற்றை எதிர்த்துத்தானே! விமானமும் அப்படியே. ஆடி மாதத்தில் தென்மேற்கிலிருந்து காற்று வீசினால், விமானம் தென்மேற்கு நோக்கி ஓடி எழும்பும். சென்னையோ வடகிழக்குப் பக்கம்! எனவே வானத்தில் திரும்ப வேண்டும். சென்னையிலும் மேற்குக் காற்று பலமாக இருந்தால், ஊரைத் தாண்டிக் கடல் பக்கம் போய், திரும்பி மேற்கு நோக்கி இறங்கும். நடுவழியில் அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும் என்பது ஆறுதல்.

இப்போது இளம்பிள்ளைக் கணக்குக்கு வருவோம். சேலைக் கட்டோடு அப்பா தி.நகர் கடைக்குப் போக வேண்டும். காமலாபுரம் போக முக்கால் மணி, முன்கூட்டிப் போய்க் காத்திருக்க ஒன்றரை மணி, பயணம் ஒரு மணி, பெட்டி எடுத்து வெளியே வர அரை மணி, கடைக்குப் போக அரை மணி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் நாலே கால் மணி.

2023 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய வந்தே பாரத் ரயில் சேலத்திலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ நாலு மணி நேரம் எடுக்கும். ஜங்ஷன் போக, காத்திருக்க, சென்ட்ரலிலிருந்து கடை சேர என்று சேர்த்தால் ஐந்தே முக்கால் மணி ஆகலாம். மிச்சம் ஒன்றரை மணிதான். விமானம் தாமதமானால் அதுவும் போயிற்று. கட்டு 15 கிலோவுக்கு மேல் போனால் தனிக் கட்டணம் வேறு! என்னைக் கேட்டால், சேலைக் கட்டுக்கு ரயில்தான். சென்னையில் மாறி சிங்கப்பூர் போகும் அண்ணனுக்கு விமானம் நல்லது. இறங்கும் இடத்திலேயே அடுத்த விமானம் இருக்கிறதே!

சரி, பென்சிலை எடுங்கள். திரும்பி வரும்போது எதிர்க்காற்று மணிக்கு 40 கி.மீ. வீசினால், அந்த 265 கி.மீ.க்கு எத்தனை நிமிடம்? 500-லிருந்து 40-ஐக் கழித்துவிட்டு ஆரம்பியுங்கள்.