தோட்ட நிலத்தில் முதலீடு: விலைக்கு முன் பட்டா

சிரம்பானுக்குத் தெற்கே உள்ள சுங்கை காடுட் வட்டாரத்தில், ரப்பரும் செம்பனையும் விளைந்த தோட்டங்களுக்கு இடையே துவாங்கு ஜாஃபார் தொழிற்பேட்டையும் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளும் எழுந்துள்ளன. 2011இல் கொமுட்டர் மின்ரயில் சேவையும் இங்கு நீட்டிக்கப்பட்டதால், இவ்வட்டாரம் நில முதலீட்டாளர்களின் கவனத்தை ஈர்ப்பதில் வியப்பில்லை. ஆயினும் தொழிற்சாலையும் ரயில் நிலையமும் விற்பவர் கண்ணுக்கும் தெரிபவை. அவற்றின் மதிப்பு கேட்கும் விலையிலேயே பெரும்பாலும் சேர்ந்திருக்கும். வாங்குபவர் தாமே ஆராய வேண்டியது பட்டாவில் எழுதப்பட்டிருப்பதைத்தான்.

இதன் அருமையைத் தோட்டத் தமிழர் வரலாறே உணர்த்துகிறது. 1950களில் ஐரோப்பிய நிறுவனங்கள் தம் தோட்டங்களை விற்கத் தொடங்கியபோது, வாங்கியவர்கள் அவற்றைச் சிறு துண்டுகளாகப் பிரித்து விற்றனர். 'தோட்டத் துண்டாடல்' எனப்பட்ட இந்நடவடிக்கையால், நிலத்தில் எவ்வுரிமையும் இல்லாத தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தனர். இதற்கு மாற்றாக துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்க, தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி வீதம் செலுத்திய பங்குப் பணத்தைக் கொண்டு அச்சங்கம் மறு ஆண்டே கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது. இன்று, 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் துண்டாடி விற்பதற்குத் தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் தேவை.

எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன், நில அலுவலகத்தில் அதிகாரப்பூர்வத் தேடல், அதாவது பதிவேட்டிலுள்ள விவரங்களைக் கட்டணம் செலுத்திப் பெறுதல், செய்யப்பட வேண்டும். பயன்பாட்டு வகை 'விவசாயம்' என்றிருந்தால், மாநில அரசின் அனுமதியும் அதற்குரிய கட்டணமும் இன்றி அங்கு வீடமைப்புப் பகுதியோ தொழிற்சாலையோ எழுப்ப முடியாது. மாற்றம் கிடைத்துவிடும் என்னும் வாய்மொழியை நம்பி வீட்டுமனை விலை கொடுப்பது தகாது. மலாய் ஒதுக்கீட்டு நிலத்தை மலாய்க்காரர் அல்லாதார் வாங்க இயலாது. அண்டை மாவட்டமான ரெம்பாவில், பெண்வழியே குலத்துக்குள் கைமாறும் அடாட் நிலங்களும் உள்ளன. பலர் பெயரில் உள்ள ஒரே பட்டாவில் பிரிக்கப்படாத பங்கு விற்கப்பட்டால், வாங்குபவருக்குக் கிடைப்பது பங்குரிமையே அன்றி எல்லையிட்ட மனை அன்று. பிறர் உரிமை கோரிப் பதிவு செய்த கேவியட் எனும் தடை இருந்தால், அது நீங்கும்வரை பெயர் மாற்றம் நடைபெறாது.

கட்டப்படவிருக்கும் வீடாயின், மேம்பாட்டு நிறுவனத்தின் உரிமமும் விளம்பர அனுமதியும் நடப்பில் உள்ளனவா என்பது அடுத்த கேள்வி. 1966ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட ஒப்பந்தப் படிவத்தின்படி, தரை வீடுகள் 24 மாதங்களிலும் அடுக்குமாடி வீடுகள் 36 மாதங்களிலும் ஒப்படைக்கப்பட வேண்டும். தாமதத்துக்கு இழப்பீடு உண்டு.

வரவைக் கணிப்பவர் செலவையும் முழுமையாகக் கணிக்க வேண்டும். குடிமக்களுக்கான பெயர் மாற்ற முத்திரை வரி முதல் 100,000 ரிங்கிட்டுக்கு 1 விழுக்காடும் அடுத்த 400,000 ரிங்கிட்டுக்கு 2 விழுக்காடுமாக உள்ளதால், 400,000 ரிங்கிட் வீட்டுக்கு, வேறு சலுகை இல்லையெனில், 7,000 ரிங்கிட் ஆகும். விற்றுப் பெறும் இலாபத்தின் மீதான வரி, குடிமக்களுக்கு முதல் மூன்று ஆண்டுகளில் 30, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15 விழுக்காடு. 2022 முதல் ஆறாம் ஆண்டிலிருந்து அவ்வரி இல்லை. விரைவில் கைமாற்றி இலாபம் காண நினைப்பவரைவிட, வாடகையைக் கொண்டு வங்கித் தவணையையும் நில வரியையும் மதிப்பீட்டு வரியையும் சமாளித்து ஐந்தாண்டுகளுக்கு மேல் காத்திருக்கக்கூடியவருக்கே இக்கணக்கு சாதகமாக அமைகிறது. அவ்வாறு காத்திருப்பதற்கும் பட்டா பழுதற்றதாக இருத்தல் வேண்டும்.