சபா மேடையிலிருந்து சாம்பல் மேட்டுக்கு... எண்ணூரில் ஒலித்த புறம்போக்கு பாட்டு!

யாரையாவது 'புறம்போக்கு' என்று திட்டினால் சண்டை நிச்சயம். அதே வார்த்தையை ஆனந்தபைரவியில் பாடினால்?

2017-ம் ஆண்டு பொங்கலன்று, ஜனவரி 14-ல் வெளியானது 'சென்னை புறம்போக்கு பாடல்'. எண்ணூர் கழிமுகத்தில் வேட்டி கட்டி உட்கார்ந்து பாடினார் டி.எம்.கிருஷ்ணா. முகத்தில் மாஸ்க், சுற்றிலும் சாம்பல், பின்னால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். கொரோனா வருவதற்கு மூன்று வருடம் முன்பு மாஸ்க்கோடு ஒரு கர்னாடக வித்வானைப் பார்த்தது பலருக்கும் அதிர்ச்சிதான்.

வரிகள் கபேர் வாசுகியுடையவை. சினிமாவுக்கு வெளியே தனியாகப் பாட்டு கட்டிப் பாடுகிறவர். அவருடைய சென்னைப் பேச்சுத்தமிழுக்கு ராகமாலிகையாக மெட்டமைத்தவர் வயலின் வித்வான் ஆர்.கே.ஸ்ரீராம்குமார். வீடியோவை இயக்கியவர் ரதீந்திரன் பிரசாத். பேகடா, ஹமீர்கல்யாணி, தேவகாந்தாரி என்று போய் சிந்துபைரவியில் முடிகிறது. லோக்கல் பாஷை கர்னாடக இசையில் ஒட்டாது என்று நினைப்பவர்கள் அந்த பேகடா பகுதியை மட்டுமாவது கேட்கலாம். கிருஷ்ணா எங்கும் குரலை உயர்த்திக் கத்தவில்லை. கச்சேரியில் பாடும் அதே நிதானம்தான். ஆனால், அவர் அதுவரை பாடியவற்றைவிட இது கனமான பாட்டு.

புறம்போக்கு என்பது உண்மையில் வருவாய்த்துறைச் சொல். தனி ஒருவர் பட்டா போட முடியாத பொது நிலம். ஏரி, ஆற்றங்கரை, மேய்ச்சல் நிலம், சுடுகாடு எல்லாம் அதில் அடங்கும். எல்லோருக்குமான நிலத்தின் பெயர் எப்படி வசைச்சொல் ஆனது என்பதுதான் பாட்டின் கேள்வி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த சென்னைக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

காட்டுப்பள்ளிக்காரர்களுக்கு இன்னும் தேவையில்லை. கிழக்கே வங்கக்கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய், தெற்கே கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரம். இறாலும் நண்டும் பிடித்து வாழ்ந்த இந்தத் தீவில் இன்று துறைமுகங்கள், அனல்மின் நிலையம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை எல்லாம் நிற்கின்றன. சாம்பல் கொண்டுபோகும் குழாய்களில் கசிவு ஏற்பட்டு ஆற்றில் சாம்பல் படிந்தது. ஆறு மேடாகிவிட்டால் படகு எப்படிப் போகும், மீன் எங்கே தங்கும்?

இதைச் சொல்ல ஒரு கானா பாட்டு போதுமே, சபா சங்கீதம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கானா என்றால் மீனவக் குப்பங்களில் இன்னும் சுலபமாகப் பரவியிருக்கும். ஆனால், அவர்களுக்குத் தெரிந்த கதையை அவர்களுக்கே சொல்லி என்ன பயன்? தன் வீட்டு ஏசி ஓடும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது, அதன் சாம்பல் எங்கே போகிறது என்று யோசிக்காத மயிலாப்பூர் ரசிகரின் காதுக்கு, அவருக்குப் பழகிய குரலில், பழகிய ராகத்தில் போய்ச் சேர்ந்ததே இந்தப் பாட்டின் சாமர்த்தியம்.

பாட்டு வந்து இரண்டே வாரத்தில், ஜனவரி 28 அன்று, எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. இளைஞர்கள் வாளியால் அள்ளிய காட்சி நினைவிருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடியும் கழிமுகத்தில் எண்ணெய். கிருஷ்ணாவுக்கு 2024-ல் மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி விருதை அறிவித்தது. அதையொட்டி எழுந்த சர்ச்சை தனிக்கதை.

பாட்டு யூடியூபில் இருக்கிறது. ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ரசிக்காமல், அவருக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்றும் பாருங்கள்.