கரை சேர்ந்த கப்பலும் கரை சேராத கப்பலும்

விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில் நடப்பவர் எவரும் அந்தக் கரிய நீர்மூழ்கிக் கப்பலைப் பாராமல் கடக்க முடியாது. 91 மீட்டர் நீளமுள்ள ஐ.என்.எஸ். குர்சுரா மணற்கரையின் மேல் அமர்ந்திருக்கிறது. அலுவல் நிமித்தம் அந்நகருக்குச் சென்றிருந்த நான், ஒரு மாலைப் பொழுதை அதற்கென ஒதுக்கினேன். வெற்றிச் சின்னம் ஒன்றைக் காணப் போகிறோம் என்ற எண்ணத்துடன் உள்ளே சென்றேன். திரும்பி வரும்போது மனத்தில் இருந்தது வேறொன்று.

சோவியத் ஒன்றியத்தில் கட்டப்பட்ட குர்சுரா, 1969 டிசம்பர் 18 அன்று ரீகா துறைமுகத்தில் இந்தியக் கடற்படையில் இணைந்தது. நமது முதல் நீர்மூழ்கிக் கப்பலான ஐ.என்.எஸ். கல்வரி பணியில் சேர்ந்து அப்போது இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. 1971ஆம் ஆண்டுப் போரின்போது குர்சுரா அரபிக்கடலில் ரோந்துப் பணியில் ஈடுபட்டது. 31 ஆண்டுகளில் 73,500 கடல் மைல்கள் பயணம் செய்து, 2001 பிப்ரவரி 27 அன்று ஓய்வு பெற்றது. அதன்பின் கரைக்கு இழுத்துக் கொண்டுவரப்பட்டு, 2002 ஆகஸ்டு மாதத்தில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

உள்ளே நமக்கு வழிகாட்டுபவர்கள் கடற்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். மனப்பாடம் செய்ததை ஒப்பிக்காமல், தாம் வாழ்ந்த வீட்டைச் சுற்றிக் காட்டுபவரைப் போல அவர்கள் பேசுகிறார்கள். முன்புறத்தில் ஆறு, பின்புறத்தில் நான்கு என டார்ப்பீடோ ஏவும் குழாய்கள் மொத்தம் பத்து. 22 டார்ப்பீடோக்களைச் சுமந்து செல்லும் ஆற்றல் இக்கப்பலுக்கு இருந்தது. ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குச் செல்ல, வட்ட வடிவமான சிறு வாயிலில் குனிந்து, காலைத் தூக்கி வைத்து நுழைய வேண்டும். ஓர் அறையில் நீர் புகுந்தால் மற்ற அறைகளைக் காப்பதற்காக அந்தக் கதவு உடனே மூடப்படும். அவ்வாறு மூடும்போது உள்ளே யாரேனும் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

எங்களுடன் வந்த ஒரு சிறுமி, சன்னல் எங்கே இருக்கிறது என்று வழிகாட்டியிடம் கேட்டாள். சன்னலே கிடையாது என்றும், பகலா இரவா என்பதைக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் அறிய வேண்டும் என்றும் அவர் சொன்னார். அவள் சற்று நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தக் குறுகிய குழாய்க்குள் 75 பேர் வாழ்ந்தனர். நீர்மட்டத்தில் டீசல் எந்திரங்களும் நீருக்கடியில் மின்கலங்களும் கப்பலை இயக்கின. மின்கலத்தில் சேமித்த ஆற்றல் குறையும்போது, எதிரியின் கண்ணில் படக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும், மேலெழுந்து டீசல் எந்திரத்தை இயக்கி அதை மீண்டும் நிரப்பியாக வேண்டும். நன்னீர் குடிப்பதற்கும் சமைப்பதற்குமே போதும். குளியல் அரிதான ஆடம்பரம். ஒருவர் பணிக்கு எழுந்து செல்ல, அதே படுக்கையில் பணி முடித்தவர் வந்து படுப்பார். இருப்பையும் செலவையும் நாள்தோறும் எண்ணிப் பழகிய எனக்கு, காற்று, நீர், மின்சாரம் மூன்றையும் கணக்கிட்டே உயிர்வாழ்ந்த அந்த வாழ்க்கை வியப்பளித்தது. அங்கே கணக்கு தவறினால் திருத்தி எழுத மறுநாள் இருக்காது.

வெளியே வந்து சாலையைக் கடந்தால், எதிரே நிற்கிறது டி.யூ.-142 விமானம். நீர்மூழ்கிக் கப்பல்களை வானிலிருந்து தேடிக் கண்டுபிடிப்பதே இதன் வேலை. தமிழ்நாட்டவருக்கு இதனோடு ஓர் உறவும் உண்டு. அரக்கோணத்தில் உள்ள ஐ.என்.எஸ். ராஜாளி தளத்திலிருந்து நெடுங்காலம் பறந்து, 2017 மார்ச் மாதத்தில் அங்கேயே விடைபெற்ற விமானம் இது. அதே ஆண்டு டிசம்பரில் இங்கு அருங்காட்சியகமாயிற்று. தேடப்படுவதும் தேடுவதும் ஒரே சாலையின் இரு பக்கங்களில் அமைதியாக நிற்கின்றன.

அதே கடற்கரையில், 1996இல் அமைக்கப்பட்ட கடல் வெற்றி நினைவுச் சின்னமும் இருக்கிறது. 1971 போரின் நினைவாக எழுந்தது அது. அதன் முன் நிற்கும்போதுதான் இன்னொரு நீர்மூழ்கியின் கதை நினைவுக்கு வருகிறது. பாகிஸ்தானின் பி.என்.எஸ். காஜி, நமது விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தைத் தேடி 1971 நவம்பரில் கராச்சியிலிருந்து புறப்பட்டு வங்கக் கடலுக்கு வந்தது. விக்ராந்தோ அதற்கு முன்பே அந்தமான் பகுதிக்கு அனுப்பப்பட்டிருந்தது. டிசம்பர் 3ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, காஜி இந்தத் துறைமுகத்தின் வாயிலருகே மூழ்கியது. ஐ.என்.எஸ். ராஜ்புத் வீசிய ஆழ்கடல் குண்டுகளே காரணம் என்பது இந்தியாவின் கூற்று. பாகிஸ்தான் தரப்பு அதனை விபத்தென்கிறது. இரு தரப்பும் மறுக்காத உண்மை ஒன்று உண்டு: கப்பலில் இருந்த 90க்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை.

காஜி இன்றும் இந்தக் கரையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் கடலடியில் கிடக்கிறது. அண்மையில் நமது கடற்படையின் ஆழ்கடல் மீட்பு ஊர்தி அதன் சிதைவுகளைக் கண்டறிந்தபோது, மாண்டவர்களுக்கு மதிப்பளித்து அவற்றைத் தொடாமல் விட்டுவிட்டதாகச் செய்திகள் வெளிவந்தன.

இதை நினைத்ததும், சற்றுமுன் பார்த்த படுக்கைகளும் வட்டக் கதவுகளும் சன்னலில்லாத சுவரும் மீண்டும் கண்முன் வந்தன. காஜியிலும் இவை போன்றவைதாம் இருந்திருக்கும். அங்கும் ஒருவர் எழுந்த படுக்கையில் இன்னொருவர் படுத்திருப்பார். குர்சுரா போர்க்காலப் பணி முடித்துக் கரை சேர்ந்தது. அதிலிருந்தோர் வீடு திரும்பினர். காஜியில் இருந்தோரின் வீடுகளில் காத்திருப்பு முடியவேயில்லை. நாட்டைக் காத்தவர்கள் மீது நாம் கொள்ளும் பெருமிதம் இதனால் சிறிதும் குறைவதில்லை. அவர்கள் எதைப் பணயமாக வைத்துக் கடலுக்குள் இறங்கினார்கள் என்பது அப்போதுதான் முழுமையாகப் புரிகிறது.

விசாகப்பட்டினம் செல்லும் வாசகர்கள் இந்தக் கடற்கரைக்கென அரைநாளேனும் ஒதுக்குவது நல்லது. திறந்திருக்கும் நேரத்தையும் வார விடுமுறையையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்க. முழங்கால் வலி உள்ளவர்களும் மூடிய இடங்களில் மூச்சுத் திணறுபவர்களும் குர்சுராவுக்குள் நுழையுமுன் யோசிப்பது நலம். குழந்தைகளை அவசியம் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகள் நமக்குத் தோன்றாதவை. பார்த்து முடித்தபின் உடனே வாகனத்தில் ஏறிவிடாமல், நினைவுச் சின்னத்தின் அருகில் சிறிது நேரம் கடலைப் பார்த்து நில்லுங்கள். திரும்பி வந்தவர்களின் கப்பல் உங்கள் அருகில் இருக்கிறது. திரும்பாதவர்களின் கப்பல் நீங்கள் பார்க்கும் அந்தக் கடலுக்குள் இருக்கிறது.